மொய் நோட்டும் மெஸ் கணக்கும்

நமது சங்க மலரில் கதையும் கவிதையும் எழுத வல்லவர் பலர் உளர். எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை. நான் பயில்வது கணிப்பொறி இயல். ஓராண்டு காலம் நமது மெஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டேன் என்பதைத் தவிரச் சங்கத்திற்கு நான் செய்த தொண்டு வேறொன்றும் இல்லை. அந்தத் தொண்டிலும் ஒரு பெரும் பிழை செய்தேன். அதை ஒளிக்காமல் எழுதினால் பிறருக்குப் பயன்படும் என்று மலர்க் குழுவினர் வற்புறுத்தியதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் இரவு மணி பத்து இருக்கும். முதலாண்டு மாணவர் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பாடப் புத்தகம். அதன் நடுவில் மடித்து வைத்த ஐந்து ரசீதுகள். "அண்ணா, பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே 18,000 ரூபாய் பாக்கி என்று போட்டிருக்கிறது. நான் எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை" என்றார். பட்டியல் ஒட்டி இரண்டு நாளாகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் மெஸ்ஸுக்கு வரவில்லை. தேநீரும் ரொட்டியுமாகக் கழித்திருக்கிறார். பாக்கி வைத்திருப்பவன் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது என்று நினைத்தாராம்.

பட்டியலைத் தயாரித்தவன் நான். கணிப்பொறி கூட்டிய கூட்டலில் பிழை இல்லை. ஆனால் பட்டியல் முழுவதும் பிழை. இது எப்படி என்பதை விளக்க வேண்டுமானால், கணிப்பொறித் தரவுத்தளத்தில் வரிகளை வகை பிரித்துத் தொகுக்கும் முறையை முதலில் சொல்லியாக வேண்டும். கணிப்பொறி அறியாத நண்பர்களும் அஞ்ச வேண்டாம். நம் ஊர்க் கலியாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்தவர் எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

தரவுகளை அட்டவணை அட்டவணையாக வைத்து, அவற்றைக் கணித முறைப்படி ஆளலாம் என்ற கருத்தை வகுத்தவர் எட்கர் கோட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவர், 1970ஆம் ஆண்டில் தம் கட்டுரையை வெளியிட்டார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்டு பாய்ஸும் 1974இல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை அமைத்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என்று வழங்குகிறது. 1986இல் அதற்கு அமெரிக்கத் தர நிர்ணயமும் கிடைத்தது. வங்கியிலும் ரயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் இன்று கணக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் இம்மொழியில்தான்.

இனி மொய் நோட்டுக்கு வருவோம். ஒரு கலியாணத்தில் எட்டுப் பேர் மொய் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் தொகையையும் மட்டும் பார்ப்போம்.

திருமங்கலம் — 501
உசிலம்பட்டி — 1,001
திருமங்கலம் — 201
மேலூர் — 501
உசிலம்பட்டி — 501
திருமங்கலம் — (தொகை எழுதவில்லை)
(ஊர் எழுதவில்லை) — 101
(ஊர் எழுதவில்லை) — 201

இங்கே ஒரு வரி என்பது ஒருவர் செய்த மொய். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கலியாணம் முடிந்த மறுநாள் தாத்தா திண்ணையில் அமர்ந்து, "எந்த ஊரார் எத்தனை பேர், எவ்வளவு?" என்று கேட்கிறார். நோட்டை வைத்திருக்கும் பேரன் என்ன செய்வான்? ஊருக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்தந்த ஊரின் தாளில் சேர்த்துக்கொண்டே போகலாம். அல்லது எல்லா வரிகளையும் முதலில் ஊர் வாரியாக அடுக்கிவிட்டு, ஊர் மாறும் இடங்களில் கோடு கிழித்துக் கூட்டலாம். கணிப்பொறியும் இந்த இரு வழிகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கையாளுகிறது. நாம் அதற்கு இடும் கட்டளை இவ்வளவே:

செலக்ட் ஊர், கவுண்ட்(*), சம்(தொகை)
ஃப்ரம் மொய்
குரூப் பை ஊர்;

'மொய் என்னும் அட்டவணையிலிருந்து, ஊர் வாரியாகப் பிரித்து, ஊரின் பெயரையும் வரிகளின் எண்ணிக்கையையும் தொகையின் கூட்டையும் கொடு' என்பது இதன் பொருள். விடை நான்கு வரியில் வரும். திருமங்கலம் 3 பேர், 702. உசிலம்பட்டி 2 பேர், 1,502. மேலூர் 1, 501. ஊர் தெரியாதவர் 2, 302.

எட்டு வரிகள் நான்காயின. விடையில் ஒரு வரி என்பது இப்போது ஒருவருடைய மொய் அன்று; ஓர் ஊருடைய மொய். ஆகவே இந்தக் கேள்வியிலேயே 'மொய் எழுதியவர் பெயரையும் கொடு' என்று கேட்டால் கணிப்பொறி மறுக்கும். திருமங்கலத்தார் மூவரில் யாருடைய பெயரை அது சொல்லும்? எதனால் வகை பிரித்தோமோ அந்தப் பத்தியைக் கேட்கலாம். கூட்டு, எண்ணிக்கை, சராசரி, மிகப் பெரியது, மிகச் சிறியது என்று பலவற்றை ஒன்றாக்கும் செயல்களையும் கேட்கலாம். வேறெதையும் கேட்கலாகாது என்பதே விதி. மை.எஸ்.க்யூ.எல். என்னும் மென்பொருள், இயல்பான அமைப்பில், முன்னெல்லாம் இந்த விதியை வற்புறுத்துவதில்லை. கேட்டால் மூவரில் யாரேனும் ஒருவர் பெயரைக் கொடுத்துவிடும். 2015இல் வெளிவந்த 5.7ஆம் பதிப்பு முதல் அதுவும் இயல்பாகவே மறுக்கிறது. தவறான விடையைக் கொடுப்பதைவிட மறுப்பது மேல் அல்லவா?

எழுதாமல் விட்ட இடங்களைக் கவனியுங்கள். ஊர் எழுதாத இருவரும் ஒரே ஊரார் என்று நமக்குத் தெரியாது. ஆயினும் வகை பிரிக்கும்போது கணிப்பொறி வெற்றிடங்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டுவிடும். அந்த 302 ரூபாயை ஓர் ஊரின் மொய் என்று எண்ணிவிடக் கூடாது.

தொகை எழுதாத திருமங்கலத்தாரோ ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து கொடுத்தவர். கவுண்ட்(*) என்று கேட்டால் வரிகளை எண்ணி 3 என்று சொல்லும். கவுண்ட்(தொகை) என்று கேட்டால் தொகை உள்ள வரிகளை மட்டும் எண்ணி 2 என்று சொல்லும். சராசரி கேட்டால் 702ஐ இரண்டால் வகுத்து 351 என்று வரும். விளக்குக் கொடுத்தவரைப் பூச்சியம் கொடுத்தவராக எழுதியிருந்தால் சராசரி 234 ஆகியிருக்கும். 'தெரியாது' என்பதும் 'ஒன்றுமில்லை' என்பதும் வெவ்வேறு. தேர்வுக்கு வராதவனும் தேர்வில் பூச்சியம் வாங்கியவனும் ஒன்றாகிவிடுவார்களா?

சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு இம்மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று 'வேர்', மற்றொன்று 'ஹேவிங்'. புதிதாகக் கற்போர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். 'வேர்' என்பது பிரிக்கும் முன் வரிகளைச் சலிக்கும் சல்லடை. 'ஹேவிங்' என்பது கூட்டி முடித்த பிறகு குழுக்களைச் சலிக்கும் சல்லடை. தொகை 500க்கு மேற்பட்ட வரிகளை மட்டும் எடுத்துத் தொகு என்றால், திருமங்கலத்துக்கு 501 என்று வரும். 201 ரூபாய்க்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். கூட்டு 500க்கு மேற்பட்ட ஊர்களை மட்டும் கொடு என்றால், அதே திருமங்கலத்துக்கு 702 வரும். இரண்டு விடைகளிலும் அதே மூன்று ஊர்கள்தாம் நிற்கும். ஊரின் பெயரைப் பார்த்து விடை சரி என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

கட்டளையில் 'செலக்ட்' முதலில் எழுதப்பட்டாலும், பொருள்படி அது முதலில் நடப்பதன்று. முதலில் அட்டவணைகளைச் சேர்த்தல், பிறகு வரிகளைச் சலித்தல், பிறகு வகை பிரித்தல், பிறகு குழுக்களைச் சலித்தல், அதன் பிறகே வேண்டிய பத்திகளை எடுத்தல், இறுதியில் வரிசைப்படுத்தல். இந்த ஒழுங்கில், சேர்த்தலுக்குப் பிறகே வகை பிரித்தல் நடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பிழை அங்கேதான் நுழைந்தது.

நமது மெஸ் கணக்கில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று பில் அட்டவணை. அதில் ஒரு வரி என்பது ஒரு மாணவரின் ஒரு மாதத்து பில். மற்றொன்று வரவு அட்டவணை. அதில் ஒரு வரி என்பது ஒரு ரசீது. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் ஆளுக்கு 3,000 வீதம் இரண்டு பில்கள், ஆக 6,000 ரூபாய். நான் செய்தது யாதெனில், இரண்டு அட்டவணைகளையும் மாணவர் எண்ணை வைத்து 'ஜாயின்' செய்து, மாணவர் வாரியாகப் பிரித்து, பில்லின் கூட்டிலிருந்து வரவின் கூட்டைக் கழித்தேன். பார்வைக்கு இது குற்றமற்றதாகத் தோன்றும்.

என்னைத் தேடி வந்த தம்பியின் ரசீதுகள் ஐந்து: 1,500, 1,000, 1,500, 1,200, 800. மொத்தம் 6,000. ஊரிலிருந்து பணம் வரவர, கையில் சேர்ந்ததைக் கொண்டுவந்து கட்டியவர் அவர். ஒரு காசு பாக்கி இல்லை. ஆனால் இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும்போது, அவருடைய ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு ரசீதோடும் இணை சேர்ந்தது. இரண்டு பில், ஐந்து ரசீது, பத்து வரிகள். ஒவ்வொரு பில்லும் ஐந்து முறை எண்ணப்பட்டதால் பில்லின் கூட்டு 30,000 ஆயிற்று. ஒவ்வொரு ரசீதும் இரண்டு முறை எண்ணப்பட்டதால் வரவு 12,000 ஆயிற்று. மீதி 18,000 ரூபாய் பாக்கி!

இதே கணக்கில் மற்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று பாருங்கள். 6,000 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டிய ஒருவருக்கு, பில் 6,000, வரவு 12,000. சங்கமே அவருக்கு 6,000 தர வேண்டும் என்று பட்டியல் சொல்லிற்று. ஒரு ரூபாய்கூடக் கட்டாத ஒருவருக்கு ரசீதே இல்லாததால் இணை சேர வழியில்லை; அவர் பெயரே பட்டியலில் வரவில்லை. ஆக, வசதியுள்ளவருக்கு வரவு, கட்டாதவருக்கு விடுதலை, சிறுகச் சிறுகக் கட்டிய ஏழைக்குக் கடன். எத்தனை தவணையாகக் கட்டினாரோ அத்தனை மடங்கு அவருடைய பில் பெருகிற்று. நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் என் கட்டளை இல்லாதவர்மேல் பாய்ந்தது.

"நீ பட்டியலைச் சோதித்துப் பார்க்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். சோதித்தேன், என் கணக்கைப் பார்த்தேன். நான் மாதந்தோறும் ஒரு ரசீதாகக் கட்டியவன். எனக்கு பில்லும் இரட்டிப்பாகி 12,000, வரவும் இரட்டிப்பாகி 12,000, பாக்கி பூச்சியம். பட்டியலில் பாக்கியை மட்டும் அச்சிட்டிருந்தேன், கூட்டுகளை அச்சிடவில்லை. என் கணக்கு நேராக இருந்ததால் எல்லார் கணக்கும் நேர் என்று நம்பிவிட்டேன். இது கணிப்பொறியின் குற்றமன்று, என் குற்றம்.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். பதற்றத்தில் முதலில் கையாண்டதும் தவறான மருந்தே. ஒரே தொகை திரும்பத் திரும்ப வருவதால் அல்லவா பெருகுகிறது என்று எண்ணி, வெவ்வேறான தொகைகளை மட்டும் கூட்டும்படி 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைச் சேர்த்தேன். உடனே அவருடைய இரண்டு 3,000 ரூபாய் பில்களும் ஒன்றாகி பில் 3,000 ஆயிற்று. இரண்டு 1,500 ரூபாய் ரசீதுகளும் ஒன்றாகி வரவு 4,500 ஆயிற்று. இப்போது அவர் 1,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியவர்! தொகை ஒன்றாக இருப்பதால் ரசீது ஒன்றாகிவிடாது என்பதை மறந்தேன்.

சரியான வழி எளியது. சேர்ப்பதற்கு முன் தொகுக்க வேண்டும். பில் அட்டவணையைத் தனியே மாணவர் வாரியாகத் தொகுத்தால், மாணவருக்கு ஒரு வரி. வரவு அட்டவணையையும் தனியே தொகுத்தால், மாணவருக்கு ஒரு வரி. ஒன்றும் ஒன்றும் இணைந்தால் ஒன்றே, எதுவும் பெருகாது. கட்டாதவர் விடுபடாமல் இருக்க, உறுப்பினர் பட்டியலை முதலில் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' என்ற முறையில் மற்ற இரண்டையும் அதனோடு சேர்க்க வேண்டும். ரசீது இல்லாதவருக்கு வரவுப் பத்தியில் வெற்றிடம் வரும். இங்கே மட்டும் அந்த வெற்றிடத்தின் பொருள் நமக்கு உறுதியாகத் தெரியும்: அவர் கட்டவில்லை. ஆகவே அதைப் பூச்சியமாக மாற்றிக் கழிப்பது முறையே.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை மொய் நோட்டு எனக்கு முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும். ஊர் வாரிக் கணக்கை முடித்த பேரனைத் தாத்தா சும்மா விடமாட்டார். "நோட்டின் அடிக்கூட்டு எவ்வளவு? உன் தாளின் கூட்டு எவ்வளவு?" என்று கேட்பார். 702, 1,502, 501, 302 ஆகியவற்றைக் கூட்டினால் 3,007. நோட்டை முதலிலிருந்து கூட்டினாலும் 3,007. வரிகளும் அப்படியே, 3, 2, 1, 2 ஆகியவை சேர்ந்து எட்டு. இந்த ஒரு சோதனையை நான் செய்திருந்தால், பெட்டியில் வந்த பணத்தைவிடப் பட்டியலின் வரவு மிகுதியாக இருப்பது அப்போதே தெரிந்திருக்கும். கூட்டுக்கும் எண்ணிக்கைக்கும் இச்சோதனை பொருந்தும், சராசரிக்குப் பொருந்தாது. ஊர்ச் சராசரிகளின் சராசரி, மொத்தத்தின் சராசரி ஆகாது.

கூட்டு நேரானாலும் எதனால் வகை பிரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிப் பிரிவில், 1973ஆம் ஆண்டு மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதமும் பெண்களில் சுமார் 35 சதவீதமும் இடம் பெற்றனர். ஆண், பெண் என்று மட்டும் பிரித்துப் பார்த்தால் பெண்களுக்கு அநீதி என்றே தோன்றும். பிக்கல், ஹாமல், ஓ'கானல் என்னும் மூவர் துறை வாரியாகவும் பிரித்து ஆராய்ந்து 1975இல் தம் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு புலப்படவில்லை. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தனர் என்பதே மொத்தக் கணக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம். வரிகள் மாறவில்லை, கூட்டலும் மாறவில்லை. பிரித்த விதம் மாறியதும் பொருள் மாறிற்று.

ஆகவே தொகுக்கத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இப்போது என் முன் உள்ள அட்டவணையில் ஒரு வரி என்பது எது? தொகுத்த பின் ஒரு வரி என்பது எதுவாகும்? மூலத்தின் கூட்டும் தொகுப்பின் கூட்டும் ஒத்திருக்கின்றனவா? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத பட்டியலைப் பலகையில் ஒட்டாதீர்கள். பல வரிகளை ஒன்றாக்கும்போது ஆட்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். எண் மட்டுமே நிற்கிறது. அந்த எண் பேசுவது யாரைப் பற்றி என்பதைத் தொகுத்தவனே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். பிழை என்னுடையது என்று அதன் அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன். பில், வரவு, பாக்கி மூன்றையும் தனித்தனிப் பத்தியாகக் காட்டினேன். ரசீதுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தேன். தம்பியின் பெயருக்கு நேரே 6,000, 6,000, 0, ஐந்து ரசீதுகள் என்று இருந்தது. பகல் உணவுக்கு அவரை நானே அழைத்துச் சென்றேன். அன்று மெஸ்ஸில் வத்தக்குழம்பு. இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.